யார் கேட்டதைக் கட்டுவது?

கட்டுமானத் தொழிலில் வரைபடத்துக்கு முன்பே எழுதி முடிக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு: கட்டச் சொல்பவரின் தேவைப் பட்டியல். எதற்காகக் கட்டடம், எத்தனை பேர் புழங்குவார்கள், எவ்வளவு செலவழிக்கலாம், இரண்டு தேவைகள் மோதினால் எதை விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஆப்பரா ஹவுஸே சாட்சி.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 1956இல் அதற்கான வடிவமைப்புப் போட்டியை நடத்தியது. கேட்டது இரண்டு அரங்குகள். பெரியதில் 3,000 முதல் 3,500 பேர் உட்கார வேண்டும். சிம்பனிக் கச்சேரி, ஆப்பரா இரண்டுமே அங்கு நடக்க வேண்டும். பின்னால் வந்த வில்லங்கத்தில் பாதிக்கு இந்த வரிதான் வேர். சிம்பனிக்கு ஒலியின் அதிர்வு சற்று நேரம் அரங்கில் தங்க வேண்டும். ஆப்பராவிலோ பாடுபவரின் சொல் கேட்க வேண்டும். அதிர்வு சீக்கிரம் அடங்கினால்தான் நல்லது. போதாததற்கு, படுதாக்களை மேலே ஏற்றி மறைக்க உயரமான மேடைக் கோபுரமும் தேவை.

1957இல் டென்மார்க்கின் யோர்ன் உட்சோன் வென்றார். பின்னாளில் வந்த டாலர் கணக்கில் மதிப்பீடு 70 லட்சம். முதலமைச்சர் ஜோசப் கேஹில் அவசரப்படுத்தினார். கூரை எப்படி நிற்கும் என்பதே முடிவாகாத நிலையில் 1959 மார்ச்சில் வேலை தொடங்கியது. அடித்தளத்தில் எழுப்பிய தூண்கள் கூரையின் எடையைத் தாங்காது என்று பிறகு தெரிந்து, அவற்றை மாற்றிக் கட்ட நேர்ந்தது.

1965இல் வந்த புதிய அரசு உட்சோனுக்குத் தர வேண்டிய கட்டணத்தை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு அவர் விலகினார். பெரிய அரங்கில் கச்சேரி நடத்தவிருந்த ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணையம் தன் நிபந்தனைகளில் உறுதியாக நின்றது. கடைசியில் பெரிய அரங்கு கச்சேரிக்கு மட்டும் என்றானது. அதற்குள் வாங்கிப் பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றினார்கள். ஆப்பரா சின்ன அரங்குக்குப் போனது. அங்கே வாத்தியக் குழுவினர் உட்காரும் குழி நெருக்கடியானது. பெயருக்குரியவருக்கே வீட்டில் சின்ன அறை!

உட்சோனின் பிடிவாதத்தையோ புதிய அரசின் கெடுபிடியையோ குறை சொல்வது வழக்கம். இரண்டுக்கும் முந்தைய பிழை கேட்டவர்கள் பக்கம் இருந்தது. பணத்துக்கு அரசு, மேற்பார்வைக்கு ஒரு குழு, புழங்கப்போவதோ இசைக் குழுக்கள். யார் சொல்வது முடிவு என்பதை வேலை தொடங்குமுன் தீர்க்கவே இல்லை.

இன்றைய ஒப்பந்தங்கள் இதற்குத்தான் கடிவாளம் போடுகின்றன. வாடிக்கையாளர் தரப்பில் முடிவு சொல்ல ஒரே ஆளைக் குறித்துவிடுவார்கள். மாற்றம் கேட்டால் எழுத்தில் கேட்க வேண்டும். கூடும் செலவையும் நாளையும் கணக்கிட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே வேலையாட்கள் கைவைக்க வேண்டும். தளத்தில் மேஸ்திரியிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.

சிட்னியில் அந்தக் கட்டடம் 1973 அக்டோபர் 20இல் திறக்கப்பட்டபோது செலவு 10.2 கோடி டாலரைத் தொட்டிருந்தது. கச்சேரி அரங்கின் ஒலிக்குறைகள் தீர, பெரிய புதுப்பிப்பு வேலை முடிந்து 2022இல் அது மறுபடி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.