ஒரு பை வைக்கோல், ஒரு சட்டி காளான்

கோவையில் மாலை நேரத்தில் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றால், அது பெரும்பாலும் காளானுக்காகத்தான் இருக்கும். முட்டைக்கோஸையும் காளானையும் பொடியாக நறுக்கி, மைதா, சோளமாவு, மசாலா சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் பொரிப்பார்கள். பிறகு அகலமான கல்லில் கொட்டிக் கொத்தி, மசாலா ஊற்றிக் கிளறி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். சுவைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தட்டில் காளானைவிடக் கோஸ்தான் அதிகம். காளானின் சொந்த ருசி தெரியவேண்டுமென்றால், பறித்த அன்றே அதைச் சட்டியில் போடவேண்டும். அதற்கு எளிய வழி, வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கி நாமே வளர்ப்பது.

இந்தியாவில் காளான் வளர்ப்பின் கதையும் கோவையில்தான் தொடங்குகிறது. நெல் வைக்கோலில் வளரும் வைக்கோல் காளானைப் பயிர்செய்யும் முறையை கே.எம். தாமஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1943இல் அங்கே வகுத்தார்கள். இன்று வீடுகளில் அதிகம் வளரும் சிப்பிக் காளான் வேறு இனம். ஜெர்மனியில் முதல் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, ஃபால்க் என்பவர் 1917இல் அதை மரக்கட்டைகளில் வளர்த்துக் காட்டினார். அதை நம் ஊர் வைக்கோலுக்குக் கொண்டுவந்தவர்கள் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பானோவும் ஸ்ரீவஸ்தவாவும். அது 1962. இந்த அறுபது ஆண்டுகளில் அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை. ஒரு குடும்பம் அடுக்களைப் பாத்திரங்களை வைத்தே செய்யக்கூடிய அளவுக்கு அது எளியது.

கடையில் டப்பாவில் வரும் வெள்ளை மொட்டுக் காளானை வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் முதலிலேயே ஏமாந்துபோவார்கள். அதற்குப் பல நாள் மட்கவைத்துப் பக்குவப்படுத்திய உரம் வேண்டும். காளான் அரும்பும் காலத்தில் 14 முதல் 18 டிகிரி வரைதான் வெப்பம் இருக்கலாம். ஊட்டியில் முடியும், ஈரோட்டில் குளிர்சாதன அறை இல்லாமல் முடியாது. சிப்பிக் காளானுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. 20 முதல் 30 டிகிரிக்குள் நன்றாக வரும். அதனால் சமவெளியில் ஆடி கழிந்ததிலிருந்து மாசி வரை அதற்கு ஏற்ற காலம். கோடையில் அந்த இடத்தைப் பால் காளான் எடுத்துக்கொள்கிறது. மேற்கு வங்கத்தில் 1974இல் விவரிக்கப்பட்ட இந்த இனத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வணிகப் பயிராக வளர்த்தெடுத்து, அருப்புக்கோட்டையின் பெயரால் ஏ.பி.கே. 2 என்று வெளியிட்டது. 30 டிகிரிக்கு மேலும் தாங்கும், தடித்த தண்டுள்ள, பால் நிறக் காளான் அது. காளான் வளரும் வைக்கோல் படுக்கையின்மேல் உறை மண் பரப்பவேண்டிய கூடுதல் வேலை அதற்கு உண்டு. ஆகவே, புதிதாக இறங்குகிறவர்கள் சிப்பியிலிருந்து தொடங்குவதே நல்லது.

காளான் செடி அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது. வெயிலிலிருந்து உணவு தயாரிக்க அதனால் முடியாது. நாம் பறித்துச் சமைப்பது, மாமரத்தில் மாங்காய் எப்படியோ அப்படி, ஓர் உயிரின் கனி மட்டுமே. மரம் என்று சொல்லத்தக்கது வைக்கோலுக்குள் ஒளிந்து பரவியிருக்கும் வெண்ணிறப் பூசண இழைகள். அவை நொதிகளைச் சுரந்து வைக்கோலின் நார்ப்பொருளைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. செல்லுலோஸை மட்டுமல்ல, மரத்தை மரமாக இறுக்கிவைத்திருக்கும் லிக்னினையும் உடைக்கும் திறன் சிப்பிக் காளானுக்கு இருக்கிறது. மாட்டின் வயிற்றுக்குக்கூட எளிதில் வசப்படாத பொருள் அது.

இழைகள் பரவுவதற்கு ஈரம் வேண்டும். ஆனால் தேங்கிய தண்ணீர் ஆகாது. வீட்டுக் காளான் வளர்ப்பு வெற்றி பெறுவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

வேலையைத் தொடங்க வேண்டியவை கொஞ்சம்தான்: மழையில் நனையாத, பூசணம் பிடிக்காத, பொன்னிறம் மாறாத வைக்கோல், ஏறக்குறைய இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள, இரண்டு பக்கமும் திறந்த பாலித்தீன் பை, காளான் வித்து. வித்து என்பது விதை அல்ல. அரைவேக்காடாக வேகவைத்த சோளத்தில் சுண்ணாம்புத்தூள் கலந்து, கிருமி நீக்கி, அதில் பூசண இழையை வளரவிட்டது. நல்ல வித்துப் பையில் சோளமணிகள் முழுக்க வெண்மை படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும், புளித்த வாடை வந்தாலும் வாங்கக் கூடாது. ஒரு பை வித்தில் இரண்டு படுக்கை போடலாம்.

வைக்கோலை ஒன்றிரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, நான்கைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு அதே வைக்கோலைப் பெரிய அண்டாவில் கொதிக்கும் நீரில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். வைக்கோலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு பூசணங்கள் இந்தச் சூட்டில்தான் அடங்கும். நீரை வடித்து, சுத்தமான விரிப்பில் பரப்பி, நிழலில் உலர்த்தவேண்டும். எவ்வளவு உலரவேண்டும் என்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழியவேண்டும். சொட்டு விழுந்தால் இன்னும் காயவேண்டும். சொட்டாமல் உள்ளங்கை மட்டும் ஈரமாகத் தெரிந்தால் அதுதான் பதம். வேளாண் நிலையங்களில் இதை 65 சதவீத ஈரப்பதம் என்பார்கள்.

கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கை போடவேண்டும். பையின் அடியைக் கட்டி, நடுப்பகுதியில் ஒரு செ.மீ. அளவில் இரண்டு துளை போட்டுக்கொள்ளவேண்டும். இரண்டங்குல உயரத்துக்கு வைக்கோலைப் போட்டு அழுத்தி, ஓரங்களில் ஒரு பிடி வித்தைத் தூவவேண்டும். மறுபடி வைக்கோல், மறுபடி வித்து. நான்கைந்து அடுக்கு வந்ததும் மேல் வாயை இறுக்கிக் கட்டிவிடலாம். உள்ளே இடைவெளி விடாமல் அழுத்துவது முக்கியம். காற்று தங்கும் இடத்தில் இழை பாலம் போட முடியாமல் திணறும்.

கட்டிய படுக்கையை வெயில் படாத அறையில் தொங்கவிடவேண்டும். அடுத்த 15 முதல் 20 நாட்கள் ஒன்றும் செய்யவேண்டாம். சோளமணியைச் சுற்றி முதலில் ஒரு வெள்ளை வட்டம் தோன்றும். வட்டங்கள் விரிந்து ஒன்றையொன்று தொடும். கடைசியில் வைக்கோலின் மஞ்சள் மறைந்து பை முழுவதும் வெளுத்துவிடும். அப்போது பிளேடால் பையைக் கீறி எடுத்துவிட்டு, காற்றும் மங்கலான வெளிச்சமும் உள்ள இடத்துக்குப் படுக்கையை மாற்றவேண்டும். குளியலறையை ஒட்டிய தாழ்வாரம், மாடிப்படியின் அடிப்பகுதி, ஈரச் சாக்கு தொங்கவிட்ட மூலை ஆகியவை இதற்குப் பொருந்தும். கைத்தெளிப்பானால் நாளுக்கு இரண்டு மூன்று முறை தண்ணீரைப் புகையாகத் தெளித்தால் போதும்.

இரண்டு மூன்று நாளில் குண்டூசித் தலைகள் எட்டிப் பார்க்கும். சாம்பல் நிறத்திலோ வெண்மையாகவோ, பத்துப் பதினைந்து ஒரே கொத்தாக. காலையில் கடுகளவு இருந்தது மறுநாள் காலையில் கட்டைவிரல் நகத்தளவு ஆகும். அதற்கடுத்த நாள் உள்ளங்கையளவு விரியும். இந்த வேகத்துக்குக் காரணம் தண்ணீர். காளானின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். காற்றோட்டம் குறைவாக இருந்தால் கரியமில வாயு தேங்கி, தண்டு நீண்டு தலை சிறுத்துவிடும். அப்படித் தெரிந்தால் ஜன்னலைத் திறக்கவேண்டும்.

குடையின் ஓரம் உள்நோக்கி லேசாக வளைந்திருக்கும்போதே பறித்துவிடவேண்டும். தட்டையாக விரிந்து ஓரம் மேல்நோக்கித் திரும்பினால் அது வித்துத்தூளை உதிர்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஒவ்வாமை தரக்கூடியது. ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் காளான் வளர்க்கக் கூடாது. பத்துப் பதினைந்து படுக்கை வைத்திருப்பவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். தண்ணீர் தெளிப்பதற்கு முன் பறிப்பது நல்லது. தெளித்த பிறகு பறித்தால் சீக்கிரம் அழுகும். முதல் அறுவடை முடிந்ததும் மேற்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டு மறுபடி தெளித்துவந்தால், ஒரு வார இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பறிக்கலாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 45 நாள் ஆட்டம். கவனமாகச் செய்தால், போட்ட வைக்கோலின் உலர் எடைக்கு நெருக்கமான அளவு காளான் கிடைக்கும்.

கெடுவதும் உண்டு. பையில் கரும்பச்சைத் திட்டு தெரிந்தால் அது டிரைக்கோடெர்மா என்னும் வேற்றுப் பூசணம். வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது கை சுத்தமாக இல்லை. அந்தப் பையைத் தயங்காமல் வெளியேற்றிவிடவேண்டும். பக்கத்துப் பையில் பரவ அதற்கு அதிக நேரம் ஆகாது. மெல்லிய தண்டும் கறுத்து உருகும் தலையுமாக வேறு குடைகள் முளைத்தால் ஈரம் கூடிவிட்டது என்று அறியலாம்; அவற்றைப் பிடுங்கி எறியவேண்டும், சமைக்கக் கூடாது. மழைக்காலத்தில் தோட்டத்திலும் குப்பைமேட்டிலும் முளைப்பவற்றுக்கும் இதே விதி. நல்ல காளானையும் நச்சுக் காளானையும் நிறத்தாலோ வெள்ளிக் கரண்டியாலோ பிரித்தறியலாம் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. உயிரோடு விளையாடும் நம்பிக்கை அது.

இனி அடுப்பங்கரை. படுக்கையில் முக்கியமாக இருந்த தண்ணீர்தான் சட்டியிலும் முக்கியம். பல வீடுகளில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், தக்காளி, அதன்மேல் காளான் என்று போட்டு மூடிவைக்கிறார்கள். காளான் தன் தண்ணீரையெல்லாம் விட்டு, வெந்நீரில் அவிந்து, ரப்பராகிறது. முறை நேர்மாறாக இருக்கவேண்டும். சிப்பிக் காளானை ஊறவைக்காமல் ஓடும் நீரில் ஒருமுறை அலசி, துணியில் ஒற்றி, கத்தி வைக்காமல் கையாலேயே நாராகக் கிழிக்கவேண்டும். அகலமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல் காளானைப் பரப்பவேண்டும். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் விட ஆரம்பிக்கும், சட்டி சலசலக்கும். மூடாமல் அப்படியே வற்றவிடவேண்டும். சத்தம் மாறி, ஓரங்கள் பொன்னிறமாகத் தொடங்கும்போதுதான் நல்லெண்ணெய் ஊற்றவேண்டும். அதில் சீரகம், தட்டிய பூண்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், நிறையக் கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் உப்பும், ஒன்றிரண்டாக உடைத்த மிளகும். ரசம் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வறுவல் வேறில்லை.

காளானுக்கு இன்னொரு நற்குணம்: அதிக நேரம் அடுப்பில் இருந்தாலும் குழையாது. கத்தரிக்காயும் பூசணியும் வேக வேகக் கரைந்துவிடும். காளானின் உயிரணுச் சுவர் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. சமையல் சூட்டில் அது உடைவதில்லை. அதனால்தான் பிரியாணியில் காளான் தன் உருவத்தோடு நிற்கிறது. சீரகச் சம்பாவில் காளான் பிரியாணி செய்பவர்கள் வழக்கமான நீரில் கால் தம்ளரைக் குறைத்துக்கொண்டால் சோறு உதிரியாக வரும். குறைத்த நீரைக் காளானே தந்துவிடும். பால் காளானின் தடித்த தண்டு, சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்துவிட்ட குழம்புக்கு ஏற்றது. இடியாப்பத்துக்கோ ஆப்பத்துக்கோ தொட்டுக்கொள்ள, வறுத்த காளானைத் தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாயும் இஞ்சியும் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கினால் போதும். பச்சையாக மட்டும் எந்தக் காளானையும் தின்னவேண்டாம்.

சத்தைப் பற்றிச் சந்தையில் பெரிய பேச்சு உண்டு. இறைச்சிக்கு இணையான புரதம் என்று விற்கிறார்கள். உண்மைக் கணக்கு வேறு: 100 கிராம் பச்சைக் காளானில் புரதம் 3 கிராம் அளவுதான். உலர் எடையில் பார்த்தால்தான் அது பெரிதாகத் தெரிகிறது. பருப்பை நிறுத்திவிட்டுக் காளானுக்கு மாறக் கூடாது. பருப்போடு காளானும் இருக்கலாம். கொழுப்பு மிகக் குறைவு, பி வகை வைட்டமின்களும் நார்ப்பொருளும் உண்டு. நறுக்கிய காளானைச் சமைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. சைவர்களுக்கு இது பெரிய லாபம். தாவர உணவில் இந்த வைட்டமின் கிடைப்பது அரிது.

சைவர்கள் என்றதும், காளான் சைவம்தானா என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டில் சைவக் குடும்பங்கள் சிலவும் சமணர்களும் காளானைத் தொடுவதில்லை. அறிவியலும் இந்தத் தயக்கத்துக்குச் சுவையான இரண்டு செய்திகளைச் சேர்த்திருக்கிறது. பால்டாஃப், பால்மர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் புரதங்களை ஒப்பிட்டு, பூசணங்கள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டினார்கள். அதற்கு முன்பே, 1984இல், கனடாவைச் சேர்ந்த தோர்ன், பாரன் என்ற ஆய்வாளர்கள் சிப்பிக் காளானின் இழைகள் நூற்புழுக்களை முடக்கிச் செரிப்பதைக் கண்டறிந்தார்கள். மரத்தில் தழைச்சத்து மிகக் குறைவு. காட்டில் காளான் அந்தக் குறையை இப்படித் தீர்த்துக்கொள்கிறது. ஆனால் கொதிநீரில் வெந்த வைக்கோலில் புழுவுக்கு இடமில்லை. வீட்டுப் படுக்கையில் விளைந்த காளான் வைக்கோலையும் சோளத்தையும் மட்டுமே தின்று வளர்ந்தது. விலங்கின் வலியை நினைத்து இறைச்சியை ஒதுக்குகிறவர்களுக்கு இதை ஒதுக்கக் காரணமில்லை.

அறுவடை முடிந்த படுக்கையைக் குப்பையில் எறியவேண்டாம். பாதி செரித்த அந்த வைக்கோல் மண்புழு உரத்துக்கும் மாடித்தோட்டத்துத் தொட்டிகளுக்கும் அருமையான சேர்மானம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பல மாவட்டங்களில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காளான் வளர்ப்புப் பயிற்சி நடக்கிறது, வித்தும் கிடைக்கிறது. பயிற்சிக்குப் போய் ஒருமுறை கையால் வைக்கோலைப் பிழிந்து பார்த்துவிட்டு வாருங்கள். எழுத்தில் படிப்பதைவிட அது தெளிவு. முதல் தடவை இரண்டு படுக்கைக்கு மேல் போடாதீர்கள். பையின்மேல் தேதியை எழுதி வையுங்கள். பறித்த காளானை ஈரத்துணியிலோ மூடிய பாலித்தீனிலோ சுற்றாமல், காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.