குதிகால் வலிக்குக் காலைப் பயிற்சி

பாயிலிருந்து எழுந்து காலைத் தரையில் ஊன்றியதும் குதிகாலில் ஆணி குத்தியது போல் வலிக்கும். பத்து இருபது அடி நடந்தால் மட்டுப்படும். மதியம் மரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. மாலையில் வேலை முடியும்போது இன்னும் கூடும். கிராமங்களில் குதிவாதம் என்று கூறப்படுவது பெரும்பாலும் இதுதான். நாற்பது வயதைக் கடந்த ஆண், பெண் இருபாலரிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல இது பாதத்தின் வளைவைத் தாங்குகிறது. கெட்டித் தரையில் வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்பது, தலையில் கட்டுச் சுமந்து வரப்பில் நடப்பது, உடல் பருமன் ஆகியவற்றால் இப்பட்டை எலும்பைப் பற்றியுள்ள இடத்தில் நைந்துவிடுகிறது. கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கு இழுவை இன்னும் அதிகம். இரவில் தளர்ந்து கிடந்த பட்டை, காலையில் முதல் அடியில் திடீரென இழுபடுவதாலேயே சுரீர் என்று வலிக்கிறது.

எக்ஸ்ரே படத்தில் பலருக்குக் குதிகாலில் முள் போன்ற எலும்பு வளர்ச்சி தெரியும். அதைக் கண்டு பயந்து, அறுவை செய்தால்தான் தீரும் என்று கடன் வாங்கப் புறப்படுவோரும் உண்டு. இது வீண் பயம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கத்தியின்றியே ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறது.

முதல் மருந்து, காசில்லாத ஒரு பயிற்சி. காலையில் எழுந்ததும் காலைத் தரையில் ஊன்றுமுன் இதைச் செய்ய வேண்டும். பாயில் உட்கார்ந்தபடியே வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுக்க வேண்டும். உள்ளங்காலில் நார் விறைத்து நிற்பது மற்றக் கைக்குத் தட்டுப்படும். பத்து எண்ணும் வரை பிடித்திருந்து விட வேண்டும். இவ்வாறு 10 முறை, நாளொன்றுக்கு 3 வேளை. மதியம் உட்கார்ந்து எழுமுன் ஒரு வேளை செய்வது மிகவும் நல்லது. சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய்ந்தால் கெண்டைக்கால் தசையும் தளரும். ஓரிரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது. சிலருக்கு மாதங்கள் பிடிக்கும்.

சேற்று வயலில் செருப்புப் போட முடியாது. ஆனால் வயலுக்குப் போகும் வழியிலும், களத்திலும், வீட்டுச் சிமெண்டுத் தரையிலும் போடலாம். தேய்ந்த செருப்பு உதவாது. குதிகால் பக்கம் தடித்து மெத்தென்றிருக்கும் எம்.சி.ஆர். செருப்பு ஏற்றது. வண்டியிலிருந்தும் டிராக்டரிலிருந்தும் குதிக்காமல் படி வைத்து இறங்க வேண்டும்.

செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை பரப்பி மிதிப்பது பழைய வழக்கம். இதமான சூட்டால் சற்று சுகம் கிடைக்கலாம். ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து புண்ணாகிவிடும். அவர்கள் இதைச் செய்யவே கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் உண்டாகும், சிறுநீரகமும் கெடும். வெயிலில் வியர்த்து உழைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அடிக்கடி போட்டால் நார்ப்பட்டை அறுந்துவிடவும் கூடும்.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல. படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ, கால் மரத்தாலோ, உயரத்திலிருந்து விழுந்த பின் வலி வந்தாலோ, குதிகாலின் இரு பக்கமும் அழுத்தும்போது வலி தாங்காவிட்டாலோ தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். இளவயதினருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் பிடித்துக்கொண்டால் அது மூட்டு நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு.