கோயில் கல்லும் அணைக் கல்லும்

எங்கள் எதிர் வீட்டு அம்மாளின் பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். சென்ற வருஷம் அவன் குடும்பத்துடன் மெக்ஸிகோ தேசத்துக்குப் போய் ஒரு வார காலம் சுற்றிவிட்டு வந்தான். ஒரு வழிகாட்டி கூடவே இருந்து, மாயர் என்னும் பண்டை மக்கள் எழுப்பிய கோயில்களின் இடிபாடுகளையும், கானகங்களையும், ஸ்பானியர்கள் அமைத்த பழைய நகரங்களையும் காட்டினாராம். அந்தப் படங்களை அம்மாள் தம்முடைய செல்பேசியில் எனக்கு ஒவ்வொன்றாகக் காண்பித்தார்.

"பார்த்தீர்களா, ஸார்? ஒரே பிரயாணத்தில் கோயில், காடு, வெள்ளைக்காரன் கோட்டை எல்லாம் ஆகிவிட்டது. நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? மகாமகக் குளம், வெற்றிலை, டிகிரி காப்பி, அவ்வளவுதானே!" என்றார்.

கும்பகோணத்தில் பிறந்து, கும்பகோணத்திலேயே இருபது வருஷமாகச் சரித்திரம் போதித்து வருகிறவனுக்கு ரோஷம் வராமல் இருக்குமா? அன்றிரவே ஒரு காகிதத்தில் கோடு கிழித்தேன். முதல் நாள் அணைக்கரை வழியாகக் கங்கை கொண்ட சோழபுரம். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வழியாகத் தரங்கம்பாடி. இரண்டாம் நாள் நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடிக்கரை. மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாக வீடு. இடிபாடும், வனமும், அந்நியர் கோட்டையும் மூன்றே நாளில்! ஆகாய விமானம் வேண்டாம். ஒரு வேன் போதும்.

பொங்கல் விடுமுறையை அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், உபாத்தியாயர்களும் மாணவ மாணவிகளுமாக 22 பேர் புறப்பட்டோம். வழிகாட்டியாக எங்கள் தெருவிலிருக்கும் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டோம். அவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். காவேரி, கொள்ளிடம், அரசலாறு, குடமுருட்டி ஆகிய நதிகளின் மதகுகளையெல்லாம் தம்முடைய பேரக் குழந்தைகளின் பெயர்களைப் போல் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். குழந்தைகள் அவரை 'ஓவர்சியர் தாத்தா' என்று அழைத்தார்கள். கோயிலுக்கு நான், தண்ணீருக்கு அவர் என்று பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டோம். இந்தப் பங்கீடு ஒரு மணி நேரங்கூட நிலைக்கவில்லை.

அணைக்கரையில் கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து மறுபடியும் கூடுகிறது. இரு கிளைகளின் மீதும் அணை. அணையின் மீதே குறுகலான பாதை. வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பெரியவர் ஆரம்பித்தார்.

"இதற்குக் கீழணை என்று பெயர். 1836-ம் வருஷத்தில் ஆர்தர் காட்டன் என்னும் இங்கிலீஷ் எஞ்சினீயர் கட்டியது. அதே காட்டன் மேலே முக்கொம்பில் ஓர் அணை கட்டிக் காவேரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வீணாய் ஓடாமல் தடுத்தார். தடுத்ததும் என்ன ஆயிற்று? கொள்ளிடத்தை நம்பியிருந்தவர்களின் வயல் காய்ந்துவிடும் அல்லவா? அவர்களுக்காகத்தான் இந்தக் கீழணை. ஆற்று மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதை அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார் தெரியுமா? நம்முடைய கல்லணை!"

பெரியவரின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமிதத்தைப் பார்த்தால், கரிகால் சோழனும் மராமத்து இலாகாவில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவன்தான் என்று தோன்றும். இன்று நாம் காணும் அணை முழுவதும் காட்டன் காலத்து வேலையல்ல என்றும், பிற்காலத்தில் திருத்திப் புதுப்பிக்கப்பட்டது என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஆனால் அங்கே சொல்லவில்லை. கோயிலைப் பார்க்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

கங்கை கொண்ட சோழபுரத்தை முதல் முறை பார்க்கிறவர்களுக்கு ஓர் ஏமாற்றமும் ஒரு பிரமிப்பும் சேர்ந்தே உண்டாகின்றன. கங்கை வரையில் படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திரன் அமைத்த தலைநகரம். ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு காலம் சோழ ஸாம்ராஜ்யத்தை ஆண்ட நகரம். கடல் கடந்து ஸ்ரீவிஜயம் வரையில் கப்பற்படை அனுப்பிய மன்னனின் ஊர். வீதிகள் எங்கே, மாளிகைகள் எங்கே என்று கண்கள் தேடுகின்றன. சுற்றிலும் வயலும், முந்திரியும், சின்னஞ்சிறு கிராமங்களும்! நடுவில் அந்த விமானம் மட்டும் 180 அடி உயரத்துக்குத் தன்னந்தனியாக எழுந்து நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைவிட உயரம் சற்றுக் குறைவுதான். தஞ்சை விமானம் நேர்க்கோடாய் ஏறுகிறது. இது மெல்ல உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. ஒரு மாணவன், "தஞ்சாவூர்க் கோயில் அப்பா மாதிரி, இது அம்மா மாதிரி இருக்கிறது, ஸார்" என்றான். சிற்ப சாஸ்திர நூல்களில் நான் படித்த பல விளக்கங்களை விட அது தேவலையாக இருந்தது.

வடபுறத்துச் சுவரில் சண்டேச அநுக்கிரக மூர்த்தியின் முன்னால் நெடு நேரம் நின்றோம். சிவபெருமான், அடியவரான சண்டேசரின் தலையில் தம் கையாலேயே மாலையைச் சுற்றுகிறார். தலை குனிந்து கை கூப்பியிருக்கும் அந்தப் பக்தரில் ராஜேந்திரன் தன்னையே பார்த்துக்கொண்டான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். உலகத்தை வென்றவன் தன்னைச் செதுக்கச் சொன்னால் எப்படிச் செதுக்கச் சொல்கிறான், பாருங்கள்!

அதன் பிறகு குழந்தைகளைக் கிழக்கு வாசலுக்கு அழைத்துப் போனேன். அங்கே கோபுரம் இருந்த இடத்தில் அடிப்பாகம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. திருமதிலின் பெரும்பகுதியும் போய்விட்டது.

"இதை யார் இடித்தது, ஸார்? மாலிக்காபூரா?" என்று கேட்டான் ஒருவன். எதற்கும் மாலிக்காபூரைச் சொல்லிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

"இல்லை. காலையில் நாம் கடந்து வந்தோமே, அந்த அணைக்காக இடித்தார்கள். கீழணை கட்டுவதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. பக்கத்தில் மலை கிடையாது. மதிலும் மண்டபமும் கையருகே இருந்தன. ஊர் ஜனங்கள் தங்களால் இயன்ற மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அதிகாரத்தை அவமதித்ததாகச் சொல்லி அவர்களைத் தண்டித்தார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஸர்க்கார் வாக்களித்தது. இதையெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வருத்தத்துடன் எழுதி வைத்திருக்கிறார்கள்."

குழந்தைகள் கோபங் கொண்டார்கள். அவர்கள் கோபங் கொள்ள வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிர் வீட்டு அம்மாளின் பிள்ளை சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்: மெக்ஸிகோவில் மெரிதா என்று ஒரு நகரம். ஸ்பானியர்கள் 1542-ல் அதை நிறுவியபோது, அங்கே முன்பிருந்த மாயர் நகரத்தின் கோயில்களைப் பிரித்து, அந்தக் கற்களைக் கொண்டே தங்கள் கட்டடங்களை எழுப்பினார்கள். ஆள வந்தவர்களின் புத்தி எங்கும் ஒன்றுதான் என்றேன்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நேரே வண்டியை மாளிகை மேட்டுக்கு விடச் சொன்னார். சோழர்கள் கடவுளுக்குக் கல்லால் வீடு கட்டினார்கள். தங்களுக்குச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டிக்கொண்டார்கள். ஆகையால் அரண்மனை இருந்த இடத்தில் தொல்பொருள் இலாகா தோண்டி எடுத்த செங்கல் அஸ்திவாரங்களும், ஓடுகளும், சீன தேசத்துப் பீங்கான் துண்டுகளுந்தான் கிடைத்தன.

"இந்த அஸ்திவாரத்தில்கூடப் பல இடங்களில் செங்கல் காணோமே, எங்கே போயிற்று என்று உங்கள் ஸாரைக் கேளுங்கள்" என்றார் பெரியவர்.

எனக்குத் தெரியும். சுற்று வட்டாரத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். இதற்குக் காட்டனைக் குற்றம் சொல்ல முடியாது.

"அது குடியானவர்களின் அறியாமை. இது அரசாங்கத்தின் உத்தரவு" என்றேன்.

"கல்லுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்றார் பெரியவர்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வாய் திறந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

"ஸார், எங்கள் வயலுக்கு வீராணம் ஏரித் தண்ணீர்தான். வீராணத்துக்கு வடவாற்றில் தண்ணீர் வருகிறது. வடவாறு கீழணையிலிருந்துதானே வருகிறது? அப்படியானால் இந்தக் கோயில் கல்லால்தானே நாங்கள் சாப்பிடுகிறோம்?"

நான் பெரியவரைப் பார்த்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார். வெற்றி பெற்றவரைப் போல் அவர் சிரித்திருக்கலாம். ஆனால் அவரும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியுடனேயே வீராணத்தங்கரையில் போய் இறங்கினோம். ராஜேந்திரனுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஏற்பட்ட ஏரி இது. அவனுடைய விருதுப் பெயரால் வீரநாராயண ஏரி; அது திரிந்து வீராணம். 2004-ம் வருஷத்திலிருந்து சென்னைப் பட்டணத்தார் குடிப்பதும் இதன் தண்ணீரைத்தான். சோழன் வெட்டிய ஏரிக்குச் சோழன் கோயிலின் கல் தடுத்து நிறுத்திய தண்ணீர் வந்து நிறைகிறது! எதிரே அலையடித்துக் கிடந்த நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என்னுடைய பாடம் பாதிதான் தயாராகியிருந்தது என்று தெரிந்தது. கல்லை மலையிலிருந்து கொண்டு வந்திருக்கலாம், செலவும் காலமும் கூடுதலாகியிருக்கும், அவ்வளவுதான். ஊராரைக் கேட்டிருக்கலாம். அணை வேண்டும் என்பது வேறு, அதற்காக மதிலை இடித்தது சரி என்பது வேறு. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "கேட்டிருந்தால் ஊரார் கொடுத்திருப்பார்களா, ஸார்?" என்றாள். இதற்கும் என்னிடம் பதில் இல்லை.

தரங்கம்பாடிக்கு இருட்டுகிற வேளையில் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை எழுந்ததும் கடற்கரை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு இந்த இடத்தை விட்டுக் கொடுத்தார். டேனியர் தரப்பில் வந்து பேசிய கப்பற் தலைவனுக்கு அப்போது வயது இருபத்தைந்து! அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. 225 வருஷம் வியாபாரம் செய்துவிட்டு, 1845-ல் இதையும் வங்காளத்து ஸெராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரில் இருந்த ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் தரங்கம்பாடியில் எனக்குக் கோட்டையைவிட அச்சுக்கூடத்தின் நினைவுதான் பெரிது. 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஸீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளிக் குழந்தைகளைப் போல் மணலில் எழுதித் தமிழ் பயின்றார். ஏட்டுச் சுவடிகளைச் சேகரித்து அட்டவணை தயாரித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இங்கே அச்சாகி முடிந்தது. மத விஷயத்தில் அவர் கருத்து எப்படியிருந்தாலும், புத்தகத்தால் பிழைக்கிற உபாத்தியாயன் இந்த ஊரில் சற்று நேரம் நிற்கத்தான் வேண்டும்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. சோழர் ஆட்சிக்கு 1279-ல் முடிவு கட்டியவனும் அவன்தான். அவனுடைய கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையோரத்தில் பாறைகளை அடுக்கியிருக்கிறார்கள். பெரியவர் அந்தப் பாறைகளைத் தட்டிப் பார்த்து, "பாருங்கள், ஸார்! இங்கே கோயிலுக்காக மலையிலிருந்து கல் வந்திருக்கிறது" என்றார். நேற்றைய வாதத்துக்கு அவர் தந்த ஸமாதானப் பரிசு அது என்று எடுத்துக்கொண்டேன்.

1954 வரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்காலை வண்டியிலிருந்தபடியே பார்த்துக்கொண்டோம். நாகப்பட்டினத்தில் பார்ப்பதற்கு இருந்ததைவிட, பார்க்க முடியாமற் போனதுதான் அதிகம். ஸ்ரீவிஜய மன்னன் இங்கே சூடாமணி விஹாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்ப, ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற சாஸனம் இதைச் சொல்கிறது. நாகையில் நெடுங்காலம் நின்ற பௌத்தக் கோபுரம் ஒன்றை, ஒரு கல்லூரிக் கட்டடத்துக்காக 1867-ல் ஸர்க்கார் அனுமதியுடன் இடித்துவிட்டார்கள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள், "இடித்த செங்கல்லை எதற்கு உபயோகித்தார்கள், ஸார்?" என்று நாலு குழந்தைகள் கேட்டார்கள். அவர்கள் வழிகாட்டி இல்லாமலே வழி கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிற்பகலில் கோடிக்கரை. இடிபாடுகளைப் பற்றிப் பேசிப் பேசி வறண்டுபோன தொண்டைக்கு இந்த வனம் இளநீரைப் போல் இருந்தது. 1967-ல் வனவிலங்குச் சரணாலயமாக ஏற்பட்ட இடம். குட்டையான, எப்போதும் பசுமை மாறாத மரங்கள். நடுவே திறந்த புல்வெளி. அங்கே முறுக்கிய கொம்புகளுடன் கரிய வெளிமான்கள். எங்களைக் கண்டதும் ஒரு மான் துள்ளியது. தொடர்ந்து முப்பது நாற்பது மான்களும் ரப்பர் பந்துகளைப் போல் துள்ளிக்கொண்டு ஓடின. உப்பளங்களை ஒட்டிய சதுப்பில் பூநாரைகள் வரிசையாய் நின்றன. தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அவை எழுந்து பறந்ததும் இளஞ்சிவப்பு மேகமாக மாறியது. இரண்டு நாளாகக் கேள்வி கேட்டுத் துளைத்த குழந்தைகள் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை.

எங்களுடன் வந்த தமிழாசிரியை மட்டும், "பூங்குழலியின் படகு எந்த இடத்தில் இருந்திருக்கும்?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டுக் கோடிக்கரைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004-ம் வருஷத்து ஆழிப் பேரலையில் சிதைந்துவிட்டது என்று சொன்னதும் அவருக்குக் கண் கலங்கியே விட்டது.

மூன்றாம் நாள் காலை அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் இறங்கினோம். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் புறப்பட்டு, 150 மைல் கால்நடையாக வந்து, அந்த மாத இறுதியில் சட்டத்தை மீறி உப்பு அள்ளிக் கைதான மண் இது. அந்தப் படை எங்கள் கும்பகோணத்தின் வழியாகத்தான் வந்தது. நாங்கள் வீடு திரும்புவதும் ஏறக்குறைய அவர்கள் வந்த பாதையில்தான். தொண்டர்களுக்கு அன்னமிடுகிறவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போட்டால் மரத்தையா சிறையில் வைப்பது?

வண்டி திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் அந்தக் காட்டுமன்னார்கோயில் பெண் என் பக்கத்து ஆசனத்துக்கு வந்தாள்.

"ஸார், கங்கை கொண்ட சோழபுரத்து ஜனங்களும் கலெக்டர் சொன்னதைக் கேட்காமல்தானே தடுத்தார்கள்? அவர்கள் பேரெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?"

"நான் பார்த்ததில்லை, அம்மா."

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தாளடிப் பயிர் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. முன் ஆசனத்தில் தூங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஓவர்சியர் திரும்பிப் பார்த்தார்.

"கோடையில் கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றிவிடும். அப்போது அணைக்குக் கீழே இறங்கிப் பார்க்கலாம். எழுத்து வெட்டிய கல் ஏதாவது கண்ணில் பட்டாலும் படும். சாந்தும் சிமெண்டும் பூசி மூடியிருப்பார்கள், ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் போய்ப் பார்க்கலாம்."

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று பேசி முடித்திருக்கிறோம். அந்தப் பெண் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். எதிர் வீட்டு அம்மாளும் வருவதாக இருக்கிறார்.