எலும்பு கூடிய பிறகு

விபத்தில் அடிபட்ட வியாபாரியைப் பார்க்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருகிற அன்பர்கள் எல்லாரும் "எலும்பு கூடிவிட்டதா அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார்கள். கூடிவிட்டது என்று சொன்னதும் அத்துடன் விஷயம் முடிந்ததென்று போய்விடுவார்கள். அதற்கு மேல் உள்ள கதையை யாரும் கேட்பதில்லை. நம் வணிகப் பெருமக்களில் பலர் பைக்கில்தான் கொள்முதலுக்கும் வசூலுக்கும் போய் வருகிறோம். ஆகவே அந்த மீதிக் கதையை இங்கே எழுதுகிறேன்.

2011-இல் அருப்புக்கோட்டை பக்கம் வசூல் முடித்து விருதுநகர் திரும்பும்போது, குறுக்குப் பாதையிலிருந்து வந்த சரக்கு வேன் ஒன்று என் வண்டியில் மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. மதுரையில் ராடு வைத்தார்கள். தோல் கிழிந்த முறிவில் மண்ணும் அழுக்கும் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம். எனக்கும் பிடித்தது. மறுபடி திறந்து கழுவி, இடுப்பு எலும்பில் கொஞ்சம் எடுத்து வைத்த பிறகே கூடிற்று. பதினான்கு மாதம் ஆயிற்று. வலது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை. கணுக்கால் பாதிதான் மடங்கும்.

இரண்டு சென்டிமீட்டர் என்ன பெரிய கணக்கு என்று தோன்றும். ஒரு கால் குட்டையானால் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. சாயந்தரம் முதுகு பிடித்துக்கொள்கிறது. செருப்பின் அடியில் தோல் வைத்து உயர்த்தித் தைத்துக் கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர். ஆயிரக்கணக்கில் விலை சொன்ன பூட்ஸை விட அது எனக்குப் பொருந்தியது.

அடுத்தது உட்காருவது. எங்கள் அப்பா காலத்திலிருந்து மெத்தையும் திண்டும் போட்டு, மேஜைப் பெட்டியை முன்னால் வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்துதான் வியாபாரம். எனக்கு இனி அது முடியாது. நாற்காலியும் உயரமான கல்லா மேஜையும் போட்டோம். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் வீங்கிவிடும் என்பதால், மேஜைக்கடியில் ஒரு ஸ்டூல் வைத்து அதன்மேல் கால் நீட்டியிருப்பேன். முதலில் சில பழைய வாடிக்கைக்காரர்கள், இவருக்கு என்ன இவ்வளவு மிதப்பு, வந்தவர் முன் கால் நீட்டுகிறாரே என்று முகம் சுளித்தார்கள். ஒவ்வொருவருக்கும் வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்ட முடியுமா? சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கிட்டங்கியில்தான் உண்மையான நஷ்டம். துவரம்பருப்போ மல்லியோ, நான் மூட்டையருகே குந்தி உட்கார்ந்து, குத்தூசி போட்டு, அடிமூட்டையிலும் மாதிரி எடுத்து, கையில் தேய்த்து மோந்து பார்த்து விலை பேசியவன். இப்போது பையன் எடுத்துவந்து தட்டில் காட்டுவதைத்தான் பார்க்கிறேன். தட்டில் வருவது மேல்மூட்டைச் சரக்கு என்பது வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வேலைக்காகவே அனுபவமுள்ள ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தேன். வசூலுக்கு என் மூத்த மகன் போனான். முகத்துக்காகக் கொடுத்துவந்த இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் அவனை அலையவிட்டதில், பழைய பாக்கி கொஞ்சம் வராமலே போயிற்று.

வலிக்கு நம்மில் பலர் செய்வது, மெடிக்கலில் கேட்டு டைக்ளோபினாக் வாங்கிப் போடுவது. இதை மாதக்கணக்கில் டாக்டர் சொல்லாமல் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் ஆபத்து. எனக்குப் பயன் தந்தது மாத்திரையல்ல, காலையில் கால்மணி நேரம் கணுக்காலுக்குச் செய்யும் பயிற்சிதான். ஒரு வாரம் விட்டால் இறுகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு மளிகைக்கடைப் பையன் பைக்கிலிருந்து தோள் அடிபட விழுந்தான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் கை தூக்க வரவில்லை. போகப் போகச் சரியாகும் என்று எண்ணெய் தேய்த்துக் காலம் கழித்தார்கள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கற்றை அறுந்திருந்தது. இதற்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் நல்ல பலன். அவர்கள் ஒன்றரை வருடம் கழித்துப் போனார்கள். கடையாள் விழுந்து கை மரத்துப்போனால் எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாதீர்கள்.

நஷ்ட ஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கேட்டது: "கடை நடக்கிறது, விற்பனையும் குறையவில்லை, உமக்கு என்ன நஷ்டம்?" நியாயமாகத்தான் தோன்றும். எனக்கு மருத்துவக் குழு கொடுத்த ஊனம் 30 சதவீதம். அரசுச் சலுகைகள் பலவற்றுக்கு 40 வேண்டும். ஆனால் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகிறது, குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்பது அதில் உள்ள உதாரணம். அவரவர் தொழிலை வைத்துத்தான் பார்க்கவேண்டும். எனக்குக் கைகொடுத்தவை பேரேடும் வருமான வரிக் கணக்கும். எனக்குப் பதிலாக வைத்த ஆளின் சம்பளம் மாதாமாதம் பெயரோடு பற்றெழுதியிருந்தது. கைச்சிட்டையில் கணக்கு வைத்து, வரியே கட்டாமல் இருப்பவர் மாதம் லட்சம் சம்பாதித்தேன் என்றால் எந்த நீதிபதி நம்புவார்?

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்று சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்தும் வழக்குகள் உண்டு. அவற்றை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்தே மகனையோ கணக்கப்பிள்ளையையோ அனுப்பி எப்.ஐ.ஆர். நகல் வாங்கிவிடுங்கள்.

மோதியவர் யாருமின்றி நாமே சறுக்கி விழுந்தால், வண்டிக்கு எடுக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் நமக்கு ஒரு பைசா தராது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டில், ஒரு கை, கால் அல்லது கண் போனால் பாதித்தொகை. உயிரோ இரண்டு உறுப்புகளோ போனாலும், வேலையே செய்யமுடியாதபடி நிரந்தரமாக முடங்கினாலும் முழுத்தொகை. என் கால் போல ஒட்டிக்கொண்டு ஆனால் மடங்காமல் இருக்கிற காலுக்கு அதில் இடமில்லை. பகுதி ஊனத்துக்கும் வாராந்தரப் படிக்கும் சேர்த்துக் கொடுக்கும் தனிநபர் விபத்து பாலிசி தனியே இருக்கிறது. எங்கள் கடையில் இப்போது லயன் போகும் மூன்று பையன்களுக்கும் அதை எடுத்து, பிரீமியத்தைக் கடைச் செலவில் எழுதிவருகிறோம்.