வீட்டினுள் ஒரு வானொலி நிலையம்

இசையை விரும்பாதார் யாவர்? ஆயினும் கூடத்தில் எழும் இசை அடுக்களையில் உள்ளார்க்கு எட்டுவதில்லை. எட்டுமாறு ஒலியை உயர்த்தின், அண்டை வீட்டார் துயில் கெடும். அறைதோறும் கம்பி இழுப்பதோ செலவும் தொல்லையும் மிக்கது. இவ்விடரைத் தீர்க்க வல்லதொரு சிறு கருவியே குறைந்த ஆற்றலுடைய எப். எம். ஒலிபரப்பி.

அஃது இயங்குமாறு யாதெனின், கூறுதும். கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள இசை, மின்குறியாகி இக்கருவியுட் புகும். கருவி ஓயாது ஒரு மின்காந்த அலையை எழுப்பிக்கொண்டிருக்கும். இசைக்கேற்ப அவ்வலையின் அதிர்வெண் சிறிது கூடியும் குறைந்தும் அசையும்; அலையின் உயரமோ மாறாது. மின்னலும் மின்பொறியும் பெரிதும் அலையின் உயரத்தையே தாக்குவன ஆதலின், இம்முறையில் இரைச்சல் குறைவு. இதற்கு 1933-இல் காப்புரிமை பெற்றவர் எட்வின் ஆம்ஸ்டிராங் என்னும் அமெரிக்க அறிஞர். வீட்டிலுள்ள எப். எம். வானொலிப் பெட்டிகளை எல்லாம் கருவியின் அதிர்வெண்ணுக்குத் திருப்பிவைப்பின், அவை ஒருங்கே பாடும்.

அதிர்வெண்ணைத் தெரிந்தெடுத்தலிற் கவனம் வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு அலைகள் வரின், வானொலி வலியதையே பற்றி எளியதை விட்டுவிடும். ஆதலின் எந்த நிலையமும் கேளாத இடத்தையே நாடல் வேண்டும்.

இதனை யாவரும் இயக்கலாமோ எனின், நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். பிரிட்டனில் உரிமமின்றி இயக்குதல் முன்னர்க் குற்றமாயிருந்தது. 2006 டிசம்பர் 8 முதல், 50 நானோவாட்டுக்கு மேற்படாத தகுதியுடைய கருவிகளுக்கு அத்தடை நீங்கிற்று. அஃதாவது, ஒரு வாட்டின் இரண்டு கோடியில் ஒரு கூறு! அமெரிக்காவிலோ, 3 மீட்டர் தொலைவில் அலையின் வலிமை மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைக் கடத்தலாகாது.

இத்துணைச் சிறிய அளவு எற்றுக்கு? கூறுதும். ஆண்டெனாவை நீட்டியும் ஆற்றலைப் பெருக்கியும் தம் இசையைத் தெருவெங்கும் பரப்ப விழைவார் சிலர் உளர். அடுத்த வீட்டில் ஒரு முதியவர் தொலைவிலுள்ள நிலையத்தின் செய்தியைக் கேட்டிருப்பார். இவர்தம் வலிய அலை அதனை விழுங்கிவிடும். அன்றியும், எப். எம். எல்லையாகிய 108 மெகாஹெர்ட்ஸுக்கு அப்பால், வானூர்திகள் வழியறியவும் நிலத்தோடு பேசவும் கொண்ட அலைகள் உள்ளன. செப்பமற்ற கருவியினின்று சிதறும் அலைகள் ஆண்டும் புகுதல் கூடும். அப்போது கெடுவது ஒருவர் பொழுதுபோக்கன்று. பலர் உயிர்க்கே ஏதம் விளையலாம்.

வீட்டுக்குச் சுவருண்டு, அலைக்குச் சுவரில்லை. ஆகவே, நம் இசை நம் இல்லத்தளவில் நிற்குமாறு காத்தல் நம் கடனாகும்.