துப்பாக்கிக்கு வாய்ப்பூட்டு!

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் சுமார் 24 கிலோமீட்டர் சென்றால், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் வரும். முதுமக்கள் தாழிகளுக்குப் பேர் போன ஊர். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டிப் பார்த்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் பட்டங்களும் வெண்கலச் சாமான்களும் மட்டுமா வெளிவந்தன? இரும்பு வாள், ஈட்டி, அம்பு முனை என்று ஓர் ஆயுதசாலையே மண்ணுக்குள் இருந்தது! பிறகு 2004-இல் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு தாழி ஓட்டில், நெடிதுயர்ந்த ஒரு பெண்ணும், அருகே மான், முதலை, கொக்கு ஆகியவையும் புடைப்பாக அமைந்திருந்தன.

அந்த ஈட்டிக்கும் அம்புக்கும் ஒரு குணம் உண்டு. பாய்ந்தாலும் ஊர் அதிராது. வெடிமருந்து வந்த பிறகுதான் வேட்டையோடு வேட்டுச் சத்தமும் சேர்ந்து கொண்டது. அந்தச் சத்தத்தை அடக்க ஒரு கருவி உண்டு என்பதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லன் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகுகிறான். 'புஸ்' என்று ஓர் ஓசை. எதிரே நின்றவர் சுருண்டு விழுகிறார். அடுத்த அறையில் காபி குடிப்பவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை!

நிஜத்தில் அப்படி நடக்குமா? குழாய் உண்டு, அந்தப் 'புஸ்' தான் பொய்!

வேட்டைக்காரர் காது

இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக் கொண்டிருந்தால் அந்தச் சப்தம் சுமார் 60 டெசிபல். யானை, காட்டெருமை போன்ற பெரிய மிருகங்களுக்கென்று செய்த ரைபிள் வெடித்தால் 160-ஐத் தாண்டும். 'இரண்டரை மடங்குதானே' என்று கணக்குப் போட்டு விடாதீர்கள். இந்த அளவுகோலில் பத்துப் படி ஏறினால் சப்தத்தின் சக்தி பத்து மடங்காகும். இன்னும் பத்து ஏறினால் நூறு மடங்கு! திடீர் வெடிச் சப்தத்துக்குப் பெரியவர்களின் காது 140 வரையில், குழந்தைகளின் காது 120 வரையில்தான் தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு கூறியிருக்கிறது.

புலி வேட்டைக்குப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட்டுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1929-இல் நண்பர்களுடன் யானைகள் மீது வேட்டைக்குப் போனார். கூட வந்தவர் சுட்ட கனத்த .450 ரைபிள், கார்பெட்டின் காதுக்குச் சில அங்குல தூரத்தில் வெடித்தது. காதின் ஜவ்வு கெட்டது. உள்ளே சீழ்க்கட்டி வைத்தது. தலையே வீங்கிப் போயிற்று. அந்த வேதனையோடுதான் தல்லா தேஷ் என்ற மலைப் பகுதியில் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்தார். புலியின் நகத்துக்குத் தப்பியவரைச் சிநேகிதரின் துப்பாக்கி ஓசை சாய்க்கப் பார்த்தது!

குக்கர் ரகசியம்

இதற்குப் பரிகாரம் கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹைரம் பெர்ஸி மாக்ஸிம். 1909-இல் தம் சைலன்ஸருக்குக் காப்புரிமை பெற்றார். இவருடைய தகப்பனார்தான் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிம். துப்பாக்கிகளோடு பழகிய அந்தத் தகப்பனாருக்குக் காது மந்தமாகிப் போனது. தந்தை உலகத்தை அதிர வைத்தார். மகன் அதிர்ச்சியைக் குறைக்க வழி தேடினார்!

அந்தக் குழாய் வேலை செய்யும் விதம் நம் சகோதரிகளுக்குச் சுலபமாகப் புரியும். ஆவி நிறைந்த குக்கரின் மூடியைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? அடுக்களையே அல்லோலகல்லோலப்படும். 'வெயிட்'டை மெல்லத் தூக்கி ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அபாயம் இல்லை. குண்டுக்குப் பின்னால் பீறிட்டு வரும் சூடான வாயுவையும் சைலன்ஸர் இப்படித்தான் பக்குவப்படுத்துகிறது. உள்ளே தடுப்புத் தடுப்பாகச் சிறு அறைகள். ஒவ்வோர் அறையாகப் புகுந்து, விரிந்து, ஆறி, வேகம் தணிந்து வாயு வெளியே வருகிறது. வீட்டு மோட்டார் சைக்கிளில் இருக்கும் சைலன்ஸரும் இதற்குச் சொந்தக்காரன்தான்.

ஆனால் குண்டு இருக்கிறதே! சப்தம் காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பெரிய ரைபிளின் குண்டு விநாடிக்கு 600 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஒலியை முந்தும் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு சவுக்கடி போல் 'பளீர்' என்று ஓசை எழுப்பும். அதற்கு எந்தக் குழாயாலும் பூட்டுப் போட முடியாது. ஆகவே, சைலன்ஸர் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும், மௌனமாக்காது. 160-க்கு மேல் இருந்தது 130, 140 என்று இறங்கும். காது முழுக்கப் பாழாகாமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பார்ப்பது போல

பின்லாந்து, நார்வே, நியூஸிலாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் இதைச் சட்டப்படியே வாங்குகிறார்கள். பொருத்தம் பார்ப்பதில் நம் கல்யாணத் தரகர்கள் தோற்றுப் போக வேண்டும்! முதலில் குழாயின் துளை, குண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், உரசினால் விபத்து. பெரிய ரைபிளில் மருந்து அதிகம், வாயுவும் அதிகம். அது விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் குழாய் பருமனாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். இடம் கூடினால் கனமும் கூடும். முனை கனத்தால் குறி தாழும். உருக்கு உறுதியானது, ஆனால் பாரம். டைட்டானியம் இலேசானது, ஆனால் விலை ஜாஸ்தி. ஒரு லாபம்: சுடும்போது தோளில் விழும் உதை குறையும்.

எல்லா நாடுகளும் இதற்கு இப்படித் தாராளமாக இடம் கொடுத்து விடவில்லை. பிறந்த நாடான அமெரிக்காவே 1934-இல் 200 டாலர் வரி விதித்தது. அந்நாளில் அது கருவியின் விலையைப்போல் பல மடங்கு! நம் நாட்டில் ஆயுதச் சட்ட விதிகள் இதைக் கடுமையான பிரிவில் வைத்திருக்கின்றன. சாமானியர்கள் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ள முடியாது.

"காதுக்கு நல்லதென்றால் ஏன் தடுக்க வேண்டும்?" என்று கேட்கத் தோன்றும்.

மானுக்கு யார் காவல்?

பதில் ஆதிச்சநல்லூருக்கு வடக்கே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. வல்லநாட்டுக் குன்றின் முட்புதர்களுக்கு நடுவே வெளிமான்கள் துள்ளித் திரிகின்றன. முறுக்கிய கொம்பும் கருமேனியுமாகக் கலைமான் நின்றால் கண் படும்! இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடி இதுதான். 1987-இல் சுமார் 16 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமானுக்கு முதல் அட்டவணையில் இடம். அதைச் சுட்டால் சிறைவாசம்தான்.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கும். மான் புதரில் இருக்கும். இருட்டில் திருட்டு வேட்டைக்காரன் வந்தால் காவலருக்கு யார் சொல்வது? அந்த வேட்டுச் சத்தம்தான்! ஒரு வெடி கேட்டால் கூட்டம் கலைந்து ஓடும், எந்தத் திசை என்று காவலர் அறிவார், ஊர் விழித்துக்கொள்ளும். சைலன்ஸர் மாட்டினால் குண்டின் சவுக்கடி ஓசை மட்டும் கேட்கும். அது எங்கிருந்து வந்தது என்று திசை காண்பது கடினம். சுடுகிறவனின் காதுக்கு உதவும் அதே குழாய், மானுக்கு எமனாகிவிடும். துப்பாக்கியின் வாயைக் கட்டாமல் விட்டிருப்பது இந்த வாயில்லாப் பிராணிகளுக்கு நல்லதுதான்.

காதுக்குப் பூட்டு

அப்படியானால் மனிதர் காதின் கதி? வாய்க்குப் பூட்டு வேண்டாம், காதுக்குப் போடுவோம். இது வேட்டைக்காரர் விஷயம் மட்டுமல்ல. இன்று நம் பெண்கள் என்.சி.சி.யில் ரைபிள் பிடிக்கிறார்கள்; போட்டிகளில் சுட்டுப் பதக்கம் வாங்குகிறார்கள். தீபாவளி வெடி இல்லாத தெருவும் இல்லை. பட்டாசுக்கு அரசாங்கம் வைத்த வரம்பே 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல். குழந்தை அவ்வளவு தூரம் தள்ளியா நிற்கிறது?

காதின் உள்ளே நத்தைக் கூடு போன்ற பாகத்தில் நுண்ணிய மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. பேச்சையும் பாட்டையும் மூளைக்குச் சொல்லுபவை அவைதான். பெரு வெடியில் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. தலைமயிர் கொட்டினால் கவலைப்படுகிறோமே, இதற்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும்!

பஞ்சை அடைத்துக்கொண்டால் போதாது. மகள் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனால், அதற்கென்றே செய்த காது அடைப்பானோ காது மூடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். கைக்குழந்தையை வெடிக்குப் பக்கத்தில் தூக்கிப் போகாதீர்கள். வெடித்த பிறகு காதில் வண்டு ரீங்காரமிடுவது போல் இருந்தாலும், காது அடைத்தாற்போல் இருந்தாலும், தாமதிக்காமல் காது மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டி வைத்தியம் என்று எண்ணெயைக் காய்ச்சி மட்டும் ஊற்றி விடாதீர்கள். ஜவ்வு கிழிந்திருந்தால் அது உள்ளே போய்ப் பெரிய தொல்லையில் விட்டுவிடும். கண்ணுக்கு மை, காதுக்குக் கம்மல் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற தாய்மார்கள், கம்மலுக்கு உள்ளே இருக்கும் காதையும் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?