சோளப் பாம்பின் நிறமும் பரம்பரையும்

பாம்பை வீட்டில் வைத்து விரும்பி வளர்ப்பார் உளர் என்றால் நம்மவருட் பலர் எளிதில் நம்பார். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பாம்பு வளர்த்தல் ஒரு பொழுதுபோக்காக வேரூன்றியுள்ளது. அவ்வாறு வளர்க்கப்படுவனவற்றுட் பெருவழக்காயுள்ளவற்றுள் ஒன்று சோளப் பாம்பு. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியே இதன் தாயகம். வடக்கே நியூ ஜேர்சி தொடக்கம் தெற்கே புளோரிடாவின் முனைத் தீவுகள் வரை இது காணப்படும். நஞ்சற்றது, இரையைச் சுற்றி நெரித்துக் கொல்வது, எலிகளையே பெரிதும் உண்பது. சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரிந்தமையாற் பெயர் பெற்றது என்பர் சிலர். வயிற்றிலுள்ள கட்டங்கள் பன்னிறச் சோளமணிகளை ஒத்திருத்தலாற் பெயர் பெற்றது என்பர் வேறு சிலர். 1766இல் லின்னேயஸ் இதற்குப் புள்ளியுடையது எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார்.

காட்டில் வாழும் சோளப் பாம்பு தன் இயல்பிலேயே அழகியது. செம்மஞ்சள் நிற உடலில், முதுகு நெடுகச் செந்நிறத் திட்டுக்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு திட்டையும் கருவிளிம்பு சூழ்ந்திருக்கும். வயிறோ சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாய்த் தோன்றும். இந்நிறங்களை ஆக்குவன தோலிலுள்ள கலங்களே. அவற்றுள் ஒருவகை மெலனின் என்னும் கருநிறப்பொருளைக் கொண்டது. இன்னொருவகை மஞ்சள், சிவப்பு ஆகிய நிறப்பொருள்களைக் கொண்டது. மூன்றாவது வகை நிறப்பொருளின்றி, ஒளியைத் தெறிக்கச் செய்யும் நுண்பளிங்குகளைக் கொண்டது. வளர்ப்போர் கையில் இன்று காணப்படும் எண்ணிறந்த நிறவகைகளை நோக்குவார், புதுப்புது நிறங்கள் படைக்கப்பட்டன என்றே கருதுவர். உண்மையில், அவற்றுட் பெரும்பாலானவை இயற்கை நிறத்தில் ஏதேனுமொன்று கழிந்ததனாலோ குறைந்ததனாலோ வந்தவை.

இக்கழித்தற் கணக்கின் முதற்பாடம் 1953இல் தொடங்கிற்று. வட கரோலினாவிற் பிடிபட்ட சோளப் பாம்பொன்று கருமை அறவே இன்றி, வெண்மையுஞ் செம்மையுமாய், சிவந்த கண்களுடன் இருந்தது. ஜோர்ஜியா மாநிலத்தவரும் தோல்நோய் மருத்துவருமான பேர்னாட் பெக்டெல் இதனை இயல்பு நிறமுடைய பாம்புடன் இணைசேர்த்தார். பிறந்த குஞ்சுகளுள் ஒன்றேனும் கருமையிழந்து பிறக்கவில்லை. அக்குஞ்சுகள் வளர்ந்து தம்முள் இணைந்தபோதோ, 1961இல், கருமையிலிகள் வெளிப்பட்டன. இம்முடிபை அவர் 1962இல் வெளியிட்டார். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் 1866இல் வெளியிட்ட விதி பாம்பின் தோலிலும் எழுதப்பட்டிருந்தது! கருமையிழத்தல் பின்னிடைவான இயல்பு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, விகாரமடைந்த பரம்பரையலகுகள் இரண்டும் ஒருங்கு கூடினாலன்றி அது வெளிப்படாது. ஒன்றை மட்டும் பெற்ற பாம்பு தோற்றத்தில் எவ்வாற்றானும் இயல்பான பாம்பே. உள்ளே சுமப்பதைத் தோல் காட்டாது.

இதற்கு மறுதலையாயது செம்மையிலி. சிவப்பும் மஞ்சளும் நீங்கி, சாம்பலுங் கறுப்புமாய் இருப்பது. தென்மேற்குப் புளோரிடாவில் இது காட்டிலேயே காணப்படுகின்றது. வயது முதிர முதிர இதன் கழுத்தில் மஞ்சள் படர்வதுண்டு. அஃது உணவிலிருந்து சேர்வதென்பர். கருமையிலியையும் செம்மையிலியையும் இணைசேர்த்தால் பிறப்பன யாவும் செம்மஞ்சள் நிறத்தனவாய், காட்டுப் பாம்பையே ஒத்திருக்கும். அவை தம்முள் இணைந்தால், 16 குஞ்சுகளுக்கு 9 இயல்பானவை, 3 கருமையிலி, 3 செம்மையிலி, எஞ்சிய 1 இரண்டுமிழந்தது என்னும் விகிதம் எழும். இரண்டுமிழந்த அவ்வொன்றையே 'பனி' என்னும் பெயரால் வணிகர் போற்றுவர். வெண்ணிறமும் மெல்லிய இளஞ்சிவப்புங் கலந்த அதன் உடலில், பழைய திட்டுக்கள் நிழல்போல் மட்டுமே தெரியும். ஈண்டு மாணவர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். பதினாறு முட்டையிட்டால் பனிக்குஞ்சு ஒன்று கட்டாயம் பிறக்குமென்பது இதன் பொருளன்று. ஒன்றேனும் பிறவாதொழிதற்கு 100க்கு ஏறத்தாழ 36 வாய்ப்பு உண்டு. விகிதத்தை வாக்குறுதியாகக் கொண்டு ஏமாந்தோர் பலர்.

கண்ணுக்குப் புலனாகும் நிறத்தைக் கொண்டு வகைகளைப் பிரித்தல் எத்துணைப் பிழைபடும் என்பதற்குக் 'கரி' என்னும் வகை தக்க சான்று. செம்மையிலியைப் போன்றே இதுவும் சாம்பலுங் கறுப்புமானது. இரண்டையும் அருகருகே வைத்தால், பழகியவரும் சிறிது தயங்குவர். இரண்டும் ஒன்றேயாயின், ஒன்றையொன்று கூடிப் பிறக்குங் குஞ்சுகளும் சாம்பல் நிறமாதல் வேண்டுமன்றோ? பிறப்பனவோ செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள். பெற்றோர் இருவரிடத்தும் இல்லாத நிறம் பிள்ளைகளிடத்து எங்ஙனம் வந்தது? விடை எளிது. செந்நிறம் உண்டாதற்குப் பல படிகள் உள. செம்மையிலி அவற்றுள் ஒன்றிற் குறையுடையது, கரி இன்னொன்றிற் குறையுடையது. ஒன்றன் குறையை மற்றது நிறைவு செய்கின்றது. அவ்வாறே கருமையிலியும் கரியும் சேர்ந்து ஆகிய வெண்பாம்பிற்குப் 'பனிப்புயல்' எனப் பெயர். பனியையும் பனிப்புயலையும் இணைத்தால், வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பிறப்பது வெள்ளையன்று. கருமை மட்டும் இழந்த செந்நிறக் குஞ்சு. கவர்ச்சியான வணிகப் பெயர்கள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. அவை இவ்வுண்மையை விளக்குவதிலும் மறைப்பதே மிகுதி.

கோலத்தில் எழும் வேறுபாடுகளும் உள. முதுகுத் திட்டுக்கள் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலி போலத் தோன்றுவது 'மொட்லி'. அவை நீண்ட கோடுகளாய் மாறியது 'வரி'. இவ்விரண்டிலும் வயிற்றுக் கட்டங்கள் மறைந்துவிடும். கரிக்கும் செம்மையிலிக்கும் நேர்ந்ததற்கு மாறாக, இவை ஒரே பரம்பரையலகின் இருவேறு வடிவங்கள். ஆகவே இரண்டும் கூடின் இயல்பான கோலம் மீள்வதில்லை, மொட்லியே மேலோங்கும். இனி, 'ஒக்கீற்றி' என்பது முற்றும் வேறானது. தென் கரோலினாவில் ஜஸ்பர் மாவட்டத்து வேட்டைக் கழகமொன்றின் நிலத்தின் பெயர் அது. அங்குள்ள பாம்புகள் ஆழ்ந்த சிவப்பும் அகன்ற கருவிளிம்புமாய்ச் சிறந்து விளங்குவன. கால் கோபெல்ட் 1957இல் வெளியிட்ட பாம்பு வேட்டை நூலால் அவ்விடம் புகழ்பெற்றது. ஒற்றை விகாரம் எதனாலும் ஆகாது, தேர்ந்தெடுத்துப் பலதலைமுறை வளர்த்தலால் இத்தோற்றம் வேறிடத்துப் பாம்புகளிலும் உண்டாக்கப்பட்டமையின், ஊர்ப்பெயர் நிறப்பெயராய் மாறிவிட்டது.

பெக்டெல் இணைசேர்த்தலால் அறிந்ததை, பிற்காலத்தார் பரம்பரையலகிலேயே கண்டனர். கருமையிழத்தற்குக் காரணம் ஓ.சி.ஏ.2 என்னும் பரம்பரையலகினுள் இடம்பெயருந் தன்மையுள்ள டி.என்.ஏ. துண்டொன்று புகுந்தமையே என ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் அறிவித்தனர். மனிதரிடத்து உண்டாகும் வெண்ணிறக் குறைபாட்டின் வகைகளுள் ஒன்று இதே பரம்பரையலகின் பழுதால் எழுவது. வட கரோலினாப் பாம்பும், வெண்மயிருடன் பிறந்த மனிதக் குழந்தையும் ஒரே இடத்திற் குறைவுற்றிருத்தல் கூடும் என்பது எத்துணை வியப்புக்குரியது! 'லவெண்டர்' என்னும் வகை லிஸ்ற் என்னும் பரம்பரையலகின் மாற்றத்தால் வருவதென அவர்களே 2020இற் காட்டினர். அம்மாற்றம் கருநிறக் கலங்களை மட்டுமன்றி மற்றை இருவகைக் கலங்களையும் தாக்குகின்றது. எனவே, மூவகைக் கலங்களிலும் நிறந்தரும் நுண்பைகள் ஓரினத்தவை என்பது புலனாயிற்று.

வளர்ப்போர்க்கு எஞ்சும் இடர் ஒன்றுண்டு. ஒரே விகாரத்தை மறைவாய்ச் சுமக்கும் இரு பாம்புகட்குப் பிறந்த இயல்பு நிறக் குஞ்சுகளுள், மூன்றிலிரண்டு பங்கு தாமும் அதனைச் சுமப்பன. ஆதலால் விற்போர் அக்குஞ்சுகளை '66 வீதம்' எனக் குறித்து விலை கூட்டுவர். குறிப்பிட்ட குஞ்சொன்று சுமக்கின்றதா என்பதை அறிய, அது பருவமெய்தும்வரை ஏறத்தாழ மூன்றாண்டு காத்திருந்து, இணைசேர்த்து, முட்டை பொரித்த பின்னரே காண இயலும் என்பது நெடுநாள் நிலை. இப்பொழுது சில விகாரங்களைப் பொறுத்தமட்டில், பாம்பு கழற்றிய சட்டையின் சிறு துண்டொன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாற் போதும்.